இருபத்தொரு கிலோமீட்டர், அதோடு ஒன்றரை

காரைக்காலுக்குப் போகிறேன் என்று சேலத்தில் ஒருவன் சொன்னால், எதற்கு என்று யாரும் கேட்பதில்லை. கண்ணைத்தான் சிமிட்டுவார்கள். டெப்போவில் நான் லீவு எழுதிக் கொடுத்தபோதும் அதுதான் நடந்தது. "மாதண்ணே, வரும்போது எனக்கும் ரெண்டு" என்று டயர் பிரிவில் ஒருவன் விரலைக் காட்டினான். அடேய், நான் குடிக்கப் போகவில்லை, ஓடப் போகிறேன் என்றேன். "ஆமாண்ணே, குடிச்சிட்டு அண்ணி பாக்கறதுக்குள்ள ஓடித்தான் வரணும்" என்றான். டெப்போ கேட்டே அதிர்கிற மாதிரி ஒரு சிரிப்பு.

என் பெயர் மாதேஸ்வரன். வயது ஐம்பத்தேழு. இருபத்துமூன்று வருஷம் அரசுப் பேருந்து ஓட்டினேன். அதில் கடைசி ஒன்பது வருஷம் சேலத்திலிருந்து சிதம்பரம், காரைக்கால் வழியாக நாகப்பட்டினம் போகிற வண்டி. மூன்று வருஷத்துக்கு முன்னால் மருத்துவப் பரிசோதனையில் சர்க்கரை, ரத்த அழுத்தம், தொண்ணூற்றாறு கிலோ எடை மூன்றும் சேர்ந்து மாட்டிக்கொண்டன. கனரக வண்டி ஓட்டத் தகுதியில்லை என்று எழுதிவிட்டார்கள். அவர்கள் மேல் தப்பில்லை. ஐம்பது உயிரை என் கையில் கொடுப்பதற்கு, டாக்டர் நாற்காலியில் நானே உட்கார்ந்திருந்தாலும் யோசித்திருப்பேன்.

ஆனால் அதற்கப்புறம் கொடுத்த வேலை இருக்கிறதே, அதுதான் என்னைத் தின்றது. டெப்போ கேட்டில் ஒரு நாற்காலி, ஒரு நோட்டு. எந்த வண்டி எத்தனை மணிக்கு வெளியே போனது, எத்தனை மணிக்கு உள்ளே வந்தது என்று எழுத வேண்டும். என்னிடம் தொழில் பழகிய பையன்கள் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு என்னைத் தாண்டிப் போவார்கள். நான் நேரம் எழுதுவேன். அவமானமாக இருந்தது. அப்போது யாரிடமும் சொல்லவில்லை, இப்போது சொல்கிறேன்.

நடக்கச் சொன்ன டாக்டர் பேச்சைக் கேட்டு நடந்தேன். ஏற்காடு அடிவாரத்தில் காலையில் ஓடுகிற ஒரு கூட்டம் என்னை இழுத்துக்கொண்டது. ஒன்றரை வருஷத்தில் இருபது கிலோ குறைந்தது, சர்க்கரை சொன்ன பேச்சைக் கேட்டது, டாக்டரும் ஓடலாம் என்று சீட்டு எழுதிக் கொடுத்தார். அந்தக் கூட்டத்து வாட்ஸ்அப்பில்தான் அறிவிப்பு வந்தது. காரைக்கால் கடற்கரையிலிருந்து மண்டபத்தூர் போய்த் திரும்பி வர வேண்டும். இருபத்தொரு கிலோமீட்டர். மூன்று மணி நேரத்துக்குள் முடித்தால் மெடல்.

படித்ததும் எனக்கு உடம்பு சிலிர்த்தது. அது என் ரோடு. நான் வண்டி ஓட்டிய ரோடு, என்னை இறக்கிவிட்ட ரோடு. திங்கட்கிழமை காலை மெடலோடு வருகிறேன் என்று டெப்போவில் வாயை விட்டுவிட்டேன். விட்ட வாயை மூட முடியுமா? மெடல் இல்லாமல் அந்த கேட்டில் போய் உட்காருவதைவிட வேலையே வேண்டாமென்று எழுதிக் கொடுத்துவிடலாம் என்றுதான் இருந்தது.

சனிக்கிழமை அதிகாலையில் கிளம்பினேன். சிதம்பரத்தில் மாறிய வண்டி சீர்காழி தாண்டியதும் பின் சக்கரம் பஞ்சர். டிரைவர் சின்னப் பையன், ஜாக்கியை வெறும் மண்ணில் வைத்து அடித்தான். ஜாக்கி கீழே போகிறதே தவிர வண்டி மேலே வரவில்லை. பொறுத்துப் பொறுத்துப் பார்த்தேன். "தம்பி, அடியில ஒரு பலகையக் குடுப்பா" என்றேன். கண்டக்டர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "பெரியவரே, நெழல்ல போய் நில்லுங்க" என்றார்.

பெரியவராம்! சட்டையைக் கழற்றி ஜன்னலில் மாட்டிவிட்டு பனியனோடு இறங்கினேன். பக்கத்து வயல் வேலியிலிருந்து ஒரு பலகைத் துண்டு எடுத்து வந்து, ஜாக்கியைத் தூக்கி வைத்து, நட்டைக் கழற்றி, டயரை மாற்றி எழுந்தபோது பின்னால் நாலைந்து பேர் கை தட்டினார்கள். கண்டக்டர் முன்சீட்டைக் காட்டி, "இங்க வந்து உக்காருங்கண்ணே" என்றார். பெரியவர் அண்ணனாவதற்கு ஒரு டயர் தேவைப்பட்டது.

எங்கள் பக்கம் எந்தத் திசையில் பார்த்தாலும் ஒரு மலை நின்று மறிக்கும். இங்கே கண் போகிற வரை வயல்தான். பொங்கல் முடிந்து அறுவடை நேரம். ஓட்டிய காலத்தில் இதையெல்லாம் நான் பார்த்ததே இல்லை. காரைக்காலுக்கே எத்தனை தடவை வந்திருப்பேன், பேருந்து நிலையமும் எதிர்க்கடை டீயும் தவிர எனக்கு என்ன தெரியும்? டிரைவருக்கு ஊர் என்றால் பத்து நிமிஷ நிறுத்தம், அவ்வளவுதான்.

அந்த எதிர்க்கடைக்குப் பக்கத்துக் கடைதான் ஹாஜா பாயுடையது. சார்ஜாவில் பதினைந்து வருஷம் இருந்துவிட்டு வந்து, பயணப் பெட்டியும் அத்தரும் விற்கிறார். ஒன்பது வருஷம் எனக்கு டீ வாங்கிக் கொடுத்தவர். ஓட வருகிறேன் என்று போனில் சொன்னதும், லாட்ஜ் பேச்சையே எடுக்காதீங்க, பக்கத்துத் தருமபுரத்தில் நம்ம வீடு இருக்கிறது என்று சொல்லிவிட்டார். நான் வந்து இறங்கியபோது மணி ஒன்றரை. ஸ்கூட்டரில் காத்துக்கொண்டிருந்தார்.

"ஏறுங்கண்ணே, சீக்கிரம். தங்கச்சி மகளுக்கு நிக்காஹ். சஹனுக்கு ஒரு ஆள் கொறையுது."

சஹன் என்றால் பெரிய வட்டத் தட்டு. அதைச் சுற்றி நான்கு பேர் பாயில் உட்கார்ந்து, ஒரே தட்டில் கை போட்டுச் சாப்பிட வேண்டும். நெய்ச்சோறு, நடுவில் ஆட்டுக்கறி, ஓரத்தில் தாளிச்சாக் குழம்பு. நான்காவது ஆளாக என்னை உட்கார வைத்தார்கள். எனக்குத் திக்கென்றது. ஓட்டத்துக்கு முந்தின நாள் இட்லியும் தயிர்சாதமும் தவிர எதையும் தொடாதே என்று எங்கள் கூட்டத்தில் படித்துப் படித்துச் சொல்லி அனுப்பியிருந்தார்கள்.

இரண்டு பிடி தின்றுவிட்டுக் கையை எடுக்கலாம் என்று பார்த்தேன். ஹாஜா பாயின் மச்சான் கறித்துண்டை என் பக்கம் தள்ளினார். நான் அவர் பக்கம் தள்ளினேன். எதிரே இருந்தவர் இன்னும் பெரிய துண்டாக என் பக்கம் தள்ளினார். "போதுங்க, நாளைக்கு ஓடணும்" என்று கெஞ்சினேன்.

"நீங்க கைய எடுத்தா நாங்களும் எடுத்துடணும்ணே, அதான் வழக்கம்" என்றார் மச்சான், முகத்தை ரொம்பப் பாவமாக வைத்துக்கொண்டு. "மூணு பேரு பசிய உங்க தலையில போட்டுக்காதீங்க."

அப்புறம் என்ன செய்வது? சாப்பிட்டேன். சும்மா சொல்லக் கூடாது, அப்படி ஒரு நெய்ச்சோற்றை நான் தின்றதே இல்லை. கை கழுவும்போது மனைவி சரோஜா போன் செய்தாள். "என்ன சாப்பிட்டீங்க?" என்றாள். "இட்லி" என்றேன். "தங்கச்சி, எங்க ஊர்ல இட்லிக்கு எலும்பு இருக்கும்மா" என்று ஹாஜா பாய் பின்னாலிருந்து கத்தினார். "வீட்டுக்கு வாங்க, பேசிக்கறேன்" என்று வைத்துவிட்டாள்.

இரவுக்கு இரண்டு இடியாப்பத்தோடு எழுந்துவிட்டேன். பாயின் மனைவி விடவில்லை. "என்னண்ணே, கோழி கொத்துன மாதிரி. எங்க வூட்டுச் சோறு புடிக்கலையா?" என்று நிஜமாகவே வருத்தப்பட்டார். தின்றால் சரோஜா, தின்னாவிட்டால் இவர்கள். ஆளைப் பங்கு போட்டுவிட்டார்கள்.

ஞாயிற்றுக்கிழமை விடியற்காலை சுபுஹுத் தொழுகை முடித்த கையோடு ஹாஜா பாய் என்னைக் கடற்கரைக்குக் கொண்டுபோய் விட்டார். "ஒங்களுக்காக துஆ செஞ்சிருக்கேன்ணே. மெதுவா போங்க, ஆனா முடிச்சிட்டு வாங்க" என்றார். அரசலாறு கடலில் சேருகிற பக்கம் முழுக்கப் பனி. இருநூறு முந்நூறு பேர் குதித்துக்கொண்டும் போட்டோ எடுத்துக்கொண்டும் நின்றார்கள். கால்சட்டை போட்டுக்கொண்டு அத்தனை பேர் நடுவில் நிற்பது எனக்கு அதுதான் முதல் தடவை. கூச்சமாக இருந்தது. யாரும் என்னைப் பார்க்கவில்லை என்பது கொஞ்ச நேரம் கழித்துத்தான் புரிந்தது.

ஆறு மணிக்குக் கொடி அசைத்தார்கள். எல்லாரும் வீட்டில் அடுப்பை அணைக்காமல் வந்தவர்கள் போலப் பறந்தார்கள். நான் முதல் கியரில்தான் எடுத்தேன். ஏற்றத்தில் ஓடிப் பழகிய காலுக்கு இந்த ஊர்ச் சாலை ஒன்றுமே இல்லை. மேடு என்று சொன்னால் ஆற்றுப் பாலம்தான். ஆனால் இந்தக் கடல்காற்று இருக்கிறதே, வியர்வையை வழிய விடுகிறது, காய விடுவதில்லை. மூன்றாவது கிலோமீட்டரிலேயே பனியன் நனைந்து பிழியலாம் போல ஆகிவிட்டது.

கோட்டுச்சேரி பக்கம் ஒரு பெண் என்னோடு சமமாக ஓடிக்கொண்டிருந்தாள். வளர்மதி. வரிச்சிக்குடிக்காரி, காரைக்காலில் ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை. அவளுக்கும் இதுதான் முதல் ஓட்டம். அவளுக்கு இணையாக ஒரு டிவிஎஸ் எக்ஸ்எல் ஊர்ந்து வந்தது. ஓட்டியவர் அவள் அப்பா.

"கொஞ்சம் ஒக்காந்துட்டுப் போயேம்மா. யாரு வெரட்டுறா?"

"அப்பா! வீட்டுக்குப் போங்கப்பா, எல்லாரும் பாக்குறாங்க!"

"பாக்கட்டும். எம் பொண்ணுதானே ஓடுது."

எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "ஐயா, சர்வீஸ் வண்டியா?" என்றேன். "ஆமாங்க, காலி சீட்டு ஒன்னு இருக்கு, வர்றீங்களா?" என்றார் சட்டென்று. வாயாடி மனுஷர்.

வரிச்சிக்குடியில் சாலையில் பாதி அகலத்துக்கு நெல்லைக் குவித்துத் தார்ப்பாய் போட்டு மூடி, சுற்றிலும் கருங்கல் வைத்திருந்தார்கள். வெயில் வந்ததும் பரப்பிக் காய வைப்பார்கள். வண்டி ஓட்டிய காலத்தில் இந்தக் கல்லுக்காக இந்த ஊரை நான் திட்டாத திட்டு இல்லை. இப்போது அதே கல்லில் உட்கார்ந்திருந்தவர்கள், "ஓடுங்கய்யா, ஓடுங்க" என்று கை தட்டினார்கள். வாங்கிக் கட்டிக்கொண்டது போல இருந்தது.

அதைத் தாண்டியதும் வளர்மதியை முந்தினேன். இன்னும் மூன்று பேரை முந்தினேன். காலில் இரண்டாவது கியர், மூன்றாவது கியர் என்று விழுந்துகொண்டே போனது. ஒன்பதாவது கிலோமீட்டர். கடிகாரத்தில் ஒரு மணி பதினோரு நிமிஷம். நான் போட்ட கணக்கு அப்படியே வந்துகொண்டிருந்தது.

அப்போதுதான் பின்னாலிருந்து அந்த எஞ்சின் சத்தம் கேட்டது. திரும்பிப் பார்க்காமலே தெரியும். எங்கள் டெப்போ வண்டி, நாகப்பட்டினத்திலிருந்து சேலம் திரும்புகிற காலை வண்டி, என் பழைய வண்டி. ஓட்டியது செந்தில், என்னிடம் பழகியவன். பக்கத்தில் வந்ததும் தலையை வெளியே நீட்டினான்.

"அண்ணே! நெசமாவே ஓடறீங்களா!"

நெஞ்சை நிமிர்த்தினேன். கையைத் தூக்கிக் காட்டினேன். பேருந்து முன்னே போனது, நான் அதன் பின்னால் அப்படி ஓடினேன், அடடா, என்ன ஓட்டம்! பூவம் பக்கம் மண்டபத்தூருக்கு வலது கையில் ஒரு சாலை பிரியும். அங்கே அம்புக்குறி வைத்திருந்தார்கள், இரண்டு கல்லூரிப் பெண்கள் கொடியோடு நின்று தொண்டை கிழியக் கத்தியிருக்கிறார்கள். எதுவும் என் காதில் விழவில்லை, கண்ணிலும் படவில்லை. ஒன்பது வருஷம் அந்த இடத்தில் வலது பக்கம் திரும்பியே இராத ஆள் நான். நேராகப் போனால்தான் வீடு. கால் வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது.

நண்டலாறு பாலம் வந்தபோதுதான் முன்னாலும் பின்னாலும் ஒருவருமே இல்லை என்பது உறைத்தது. சோதனைச் சாவடியில் சிவப்புத் தொப்பி போட்ட போலீஸ்காரர் டீ டம்ளரோடு என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"எங்கங்க போறீங்க?"

"ஓட்டப் பந்தயம் சார்."

"அது மண்டபத்தூருக்குல்ல போவுது! இந்தப் பாலத்தத் தாண்டுனா தமிழ்நாடுங்க. அந்தப் பக்கம் நீங்க ஓடுனா மெடல் அவங்கதான் தரணும்."

தலையில் கை வைத்தேன். முக்கால் கிலோமீட்டர் தப்பாக வந்திருக்கிறேன். திரும்பிப் போக இன்னொரு முக்கால். போலீஸ்காரருக்கே என் முகத்தைப் பார்க்கப் பாவமாக இருந்திருக்கும். "வாங்க, பைக்ல கொண்டுபோய் முக்குல விட்டுடறேன். யாரு பாக்கப் போறா?" என்றார்.

ஒரு நொடி, உள்ளதைச் சொல்கிறேன், ஒரு நொடி என் கால் பைக் பக்கம் போனது. தப்பாக வந்த தூரத்துக்குத்தானே, இதில் என்ன மோசடி என்று மனசு வக்கீல் வேலை பார்த்தது. ஆனால் திங்கட்கிழமை யாராவது, முழுக்க ஓடினீர்களா அண்ணே என்று கேட்டால்? "வேணாம் சார். வந்தவன் நான்தான், நானே போயிக்கறேன்" என்று திரும்பினேன். என்னை நானே கெட்ட கெட்ட வார்த்தையில் திட்டிக்கொண்டே ஓடினேன்.

முக்கில் அந்த இரண்டு பெண்களும் ஓடி வந்தார்கள். "ஐயா, எவ்ளோ கத்துனோம்! பஸ்ஸப் புடிக்கப் போறீங்கன்னு நெனச்சோம்" என்றாள் ஒருத்தி.

மண்டபத்தூர் சாலையில் எல்லாரும் எதிரே திரும்பி வந்துகொண்டிருந்தார்கள். வளர்மதி என்னைப் பார்த்து நின்றேவிட்டாள். "ஐயா, நீங்க முன்னாடில்ல போனீங்க!" "அது பெரிய கதம்மா, நிக்காதே, ஓடு" என்றேன். கடைசி ஆளுக்கும் பின்னால் ஒரு வேன் வந்தது. முடியாதவர்களை ஏற்றிக்கொண்டு போகிற வேன். டிரைவர் எனக்குப் பக்கத்தில் நிறுத்தினார்.

"ஏறுங்கய்யா. எல்லாரும் திரும்பியாச்சு. ஒன்றரை மணி நேரத்துக்குள்ள திரும்பாதவங்கள ஏத்திக்கச் சொல்லிருக்காங்க."

"பாதியில ஏத்தறதுக்கு நான் என்ன பிரேக் டவுன் ஆன வண்டியா? நீங்க மொதல்ல கிளட்ச்சுல இருந்து கால எடுங்க. இப்படி மிதிச்சுக்கிட்டே ஊர்ந்தா சாயங்காலம் பிளேட்டு கருகிடும்."

அவர் என்னை உற்றுப் பார்த்தார். "டிரைவரா நீங்க?"

"இருவத்திமூணு வருஷம். கவர்மெண்டு பஸ்ஸு."

கிளட்ச்சிலிருந்து காலை எடுத்தார். "போங்க. திரும்பி வர்ற வரைக்கும் முக்குல நிக்கிறேன். எவன் கேட்டாலும் எஞ்சின் சூடாயிடுச்சுன்னு சொல்லிக்கறேன்" என்றார். அந்த மனுஷரின் பெயர்கூட எனக்குத் தெரியாது. நன்றாயிருக்க வேண்டும்.

மண்டபத்தூரில் மீன்காரப் பெண்கள் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு, குடத்தில் உப்பும் எலுமிச்சையும் கலந்த தண்ணீரோடு உட்கார்ந்திருந்தார்கள். தண்ணீர் கொடுக்கச் சொன்னால் இவர்கள் உபசாரமே செய்துகொண்டிருந்தார்கள். "ஒக்காந்து குடிங்கய்யா, நின்னுக்கிட்டுக் குடிச்சா ஒடம்புல ஒட்டாது" என்று ஒரு அம்மா என் தோளைப் பிடித்து அழுத்தினார். "தாயி, ஒக்காந்தா நான் எந்திரிக்க மாட்டேன்" என்றேன். "அதுவும் சரிதான்" என்று சிரித்துவிட்டு இரண்டு டம்ளர் கொடுத்தார். அங்கே வரை வந்ததற்கு அடையாளமாக மஞ்சள் ரப்பர் பட்டையை மணிக்கட்டில் மாட்டினார்கள்.

ஒரு மணி முப்பத்தேழு நிமிஷம். மீதி பத்தரை கிலோமீட்டர், கையில் எண்பத்துமூன்று நிமிஷம். ஏற்கெனவே பன்னிரண்டு ஓடிய காலோடு, நான் பயிற்சியில்கூட அந்த வேகத்தில் அவ்வளவு தூரம் ஓடியது கிடையாது.

ஆனால் லேட்டான வண்டியைப் பிடிப்பது எனக்குத் தெரியாதா? புதுசாக வருகிற டிரைவர்கள் வேகத்தில் பிடிக்கப் பார்ப்பார்கள். மிதிமிதியென்று மிதித்து, அடுத்த ஊரில் பிரேக் அடித்து, கடைசியில் டீசலும் போய் நேரமும் போயிருக்கும். வேகத்தில் பிடிக்க முடியாது, நிறுத்தத்தில்தான் பிடிக்க வேண்டும். ஒவ்வொரு நிறுத்தத்திலும் அரை நிமிஷம் மிச்சப்படுத்தினால் ஊர் போய்ச் சேரும்போது வண்டி சரியான நேரத்தில் நிற்கும். இதை நான் எத்தனை பையன்களுக்குச் சொல்லியிருக்கிறேன்! போகும்போது நானே தண்ணீர்ப் பந்தலுக்குப் பந்தல் நின்று, கதை பேசி, வாழைப்பழம் தின்றுகொண்டு வந்திருந்தேன். இனிமேல் நிறுத்தமே கிடையாது. ஒரே சீரான ஓட்டம், ஒரே கியர்.

முக்கு திரும்பினேன். சொன்னபடி வேன் நின்றது. பின்னால் வர ஆரம்பித்தது. பனி விலகி வெயில் ஏறிவிட்டது. வரிச்சிக்குடியில் தார்ப்பாயைப் பிரித்து நெல்லைப் பரப்பத் தொடங்கியிருந்தார்கள். ஆனால் சாலை ஓரமாக ஓடுகிறவர்களுக்கென்று ஒரு ஆள் அகலத்துக்குத் துடைப்பத்தால் பெருக்கி வழி விட்டிருந்தார்கள். திட்டியதற்கெல்லாம் மனசுக்குள் மன்னிப்புக் கேட்டுக்கொண்டே அந்த வழியில் ஓடினேன். பந்தலில் ஓடிக்கொண்டே கையை நீட்டித் தண்ணீர் வாங்கினேன். பாதி மூக்கில் போனது.

கோட்டுச்சேரி தாண்டி ஒரு மதகுக் கட்டையில் வளர்மதி உட்கார்ந்திருந்தாள். கெண்டைக்கால் பிடித்துக்கொண்டுவிட்டது. அப்பா எக்ஸ்எல்லை ஸ்டாண்டு போட்டுவிட்டுக் கெஞ்சிக்கொண்டிருந்தார். "ஏறும்மா. போதும்மா. இவ்ளோ தூரம் ஓடுனதே பெருசு." அவள் தலையைக் குனிந்துகொண்டு அழுதுகொண்டிருந்தாள்.

நான் நிற்கக் கூடாது. நிறுத்தம் கிடையாது என்று சபதம் போட்டிருக்கிறேன். நின்றேன். காலை நீட்டச் சொல்லி, பாதத்தைப் பிடித்து மேலே வளைத்து அழுத்தினேன். டிரைவர்களுக்கு வராத சதைப்பிடிப்பா? அரை நிமிஷத்தில் விட்டது. "எந்திரி. கடிகாரத்தப் பாக்காதே, ரோட்டப் பாக்காதே. என் முதுகப் பாத்துக்கிட்டே வா" என்றேன்.

"உங்களுக்கு முடியுங்க, எம் பொண்ண விட்டுடுங்க" என்றார் அப்பா.

"அப்பா, நீங்க சும்மா இருங்க" என்று எழுந்துவிட்டாள்.

நான்கரை கிலோமீட்டர், முப்பத்தைந்து நிமிஷம். பின்னால் அவள் மூச்சுச் சத்தம், அதற்குப் பின்னால் எக்ஸ்எல், அதற்குப் பின்னால் வேன். ஊர்வலம் போலத்தான் நகரத்துக்குள் நுழைந்தோம். கடைத்தெரு முனையில் ஒரு சிவப்புத் தொப்பிக்காரர் கையை நீட்டி ஒரு பேருந்தை நிறுத்தினார். எனக்காக ஒரு பேருந்து நின்றது. அதன் டிரைவர் எரிச்சலோடு என்னைப் பார்த்தார். அந்த எரிச்சல் எனக்கு நன்றாகத் தெரியும். அப்படியொரு சந்தோஷம் எனக்கு வாழ்நாளில் வந்ததில்லை.

கடற்கரைச் சாலை. முடிவுக் கோட்டு வளைவு தெரிந்தது, மேலே சிவப்பு எழுத்தில் நேரம் ஓடியது. இரண்டு மணி ஐம்பத்தெட்டு. தொடை இரண்டும் மரத்துவிட்டன. "வாங்கண்ணே, வாங்க, வாங்க!" என்று ஹாஜா பாய் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கூடவே ஓடி வந்தார். கடைசி நூறு மீட்டரில் வளர்மதி என்னை முந்திவிட்டாள். சிரித்துக்கொண்டே முந்தினாள், கெட்ட பெண்! இரண்டு மணி ஐம்பத்தொன்பது நிமிஷம், நாற்பது விநாடியில் நான் கோட்டைத் தாண்டினேன்.

மணிக்கட்டைப் பார்த்தார்கள், மஞ்சள் பட்டை இருந்தது. கழுத்தில் மெடலை மாட்டினார்கள். நான் தரையில் உட்கார்ந்து அழுதேன். வெட்கமே இல்லாமல் அழுதேன். வளர்மதியின் அப்பா என் இரண்டு கையையும் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். ஹாஜா பாய் "அல்ஹம்துலில்லாஹ், அல்ஹம்துலில்லாஹ்" என்று என் முதுகைத் தட்டிக்கொண்டே இருந்தார். கூட்டத்தில் கடைசி ஆளாக வந்தவனுக்கு முதல் ஆள் போல மரியாதை.

சரோஜாவுக்குப் போன் போட்டேன். "முடிச்சிட்டேன். மூணு மணிக்குள்ள."

"மொதல்ல எதையாவது வயித்துக்குப் போடுங்க" என்றாள். அப்புறம் குரல் மாறியது. "எனக்குத் தெரியுங்க, நீங்க முடிப்பீங்கன்னு. யாருகிட்டயும் சொல்லலை, திருஷ்டி பட்டுடும்னு."

பாயின் வீட்டில் பசியாறச் சொன்னார்கள். இந்தத் தடவை யாரும் எதையும் என் பக்கம் தள்ள வேண்டியிருக்கவில்லை. மத்தியான வண்டியில் கிளம்பினேன்.

திங்கட்கிழமை காலை நாலே காலுக்கு டெப்போ கேட்டில் என் நாற்காலியில் உட்கார்ந்தேன். காக்கிச் சட்டைக்கு மேலே மெடல். கால் வீங்கி செருப்புக்குள் போகவில்லை. டெப்போவுக்குள் ஹார்ன் அடிக்கக் கூடாது என்பது விதி. அடித்தால் எழுதி வைக்க வேண்டியவன் நான்.

முதல் வண்டி வந்து கேட்டில் நின்றது. முந்தின நாளே செந்தில் வந்து எல்லாரிடமும் சொல்லிவிட்டிருக்கிறான், அண்ணன் பூவம் பக்கம் என் வண்டிக்குப் பின்னாலேயே ஓடி வந்தாரென்று. அவ்வளவுதான் அவனுக்குத் தெரியும். டிரைவர் மெடலைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். ஹார்னில் கையை வைத்து ஒரே அழுத்தாக அழுத்தினார். அதற்குப் பின்னால் இருந்த வண்டி அழுத்தியது. அதற்குப் பின்னால், அதற்கும் பின்னால். டயர் பிரிவு ஆட்கள் கையில் ஸ்பானரோடு ஓடி வந்தார்கள். மேனேஜர் அறையிலிருந்து வெளியே வந்து பார்த்துவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

"வண்டிய எடுங்கடா, ஜனங்க நிக்கிறாங்க!" என்று கத்தினேன். ஒருத்தன் எடுக்கவில்லை.

அன்றைக்கு எங்கள் டெப்போவின் காலை வண்டிகள் அத்தனையும் நான்கு நிமிஷம் தாமதம். நோட்டில் ஒவ்வொன்றுக்கும் நேரம் எழுதினேன். தாமதத்துக்குக் காரணம் என்று ஒரு கட்டம் இருக்கிறது. டயர், டீசல், டிரைவர் வரவில்லை என்று மூன்று வருஷமாக அதில் எழுதிக்கொண்டிருக்கிறேன். அன்றைக்கு மேலிருந்து கீழ்வரை எல்லா வண்டிக்கும் என் பெயரை எழுதினேன்.